மெய் தேடிய தாயர்

மகவை இழந்த தாயின் அழுகையைப் பாடாத மொழி உலகில் இல்லை. நம் நாட்டுப்புற ஒப்பாரிகளிலும் காப்பியங்களின் புலம்பற் பகுதிகளிலும் அவ்வழுகை நிறைந்து கிடக்கின்றது. இந்திரசித்தின் உடல்மீது வீழ்ந்து மண்டோதரி அரற்றியதைக் கம்பர் பாடினார். நூறு மக்களையும் பறிகொடுத்த காந்தாரி குருக்கேத்திரக் களத்தில் நின்ற காட்சியைப் பாரதம் காட்டுகின்றது. ஆயின், அழுகையோடு சேர்ந்து எழுவதும், சிலபோது அழுகையையே நிறுத்திவிடுவதுமான வேறொன்று தாயின் நெஞ்சில் உண்டு. அது வினா. என் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது? எவரால் நேர்ந்தது? எதற்காக நேர்ந்தது?

துயருற்ற தாய் ஒருத்தி உண்மையைத் தேடித் தனியே புறப்படும் கதைகள் இந்நாளில் மர்மப் புதினங்களாகவும் திரைப்படங்களாகவும் பெருகியுள்ளன. அவள் மனத்தினுள்ளே நிகழும் போராட்டமே அக்கதைகளின் விறுவிறுப்பு. இது மேனாட்டிலிருந்து வந்த சரக்கு என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. சங்கப் பாட்டிலும், புகார் நகரத்துச் சுடுகாட்டிலும், சாவத்தி வீதிகளிலும், கல்கத்தாவிலும், நம் நாட்டு உச்சநீதிமன்றத்திலும் அத்தாயை நாம் காண்கின்றோம். அவள் நடந்த தடத்தைக் காலமுறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களத்திலே ஒரு முதியவள்

உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு பதிப்பித்த புறநானூற்றில் 278ஆம் பாட்டு காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய பெண்பாற் புலவர் அவரே. அவர் காட்டும் தாய் மிக முதியவள். நரம்பு புடைத்து, தோள் வற்றி மெலிந்தவள். அவள் மகன் போரில் அஞ்சிப் புறங்கொடுத்து மாண்டான் என்று பலரும் வந்து கூறுகின்றனர். பலர் கூறினர் என்பது ஈண்டுக் கருதற்பாலது. ஒருவர் சொன்னால் பொய்யென ஒதுக்கிவிடலாம்; ஊரே சொன்னால் என் செய்வது?

அம்முதியவள் ஊரோடு வழக்காடவில்லை. வந்தவரை வைது அனுப்பவுமில்லை. அவர்கள் கூறியது மெய்யாயின், அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்து, வாளை ஏந்திக் களம் நோக்கி நடக்கின்றாள். குருதி தோய்ந்த நிலத்தில் வீழ்ந்து கிடக்கும் உடல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கின்றாள். ஒவ்வொரு முகமும் எவளோ ஒருத்தியின் மகனுடையது. இறுதியில் வெட்டுண்டு சிதறிக் கிடக்கும் தன் மகனைக் காண்கின்றாள். அவன் புறங்காட்டி ஓடியவன் அல்லன் என்பது அக்கிடக்கையிலேயே தெரிந்துவிடுகின்றது. அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக அவள் மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிகின்றது.

புறங்கொடாமையே ஆண்மகனின் பெருமை என்னும் அக்கால அறத்தை இக்காலத்தார் அவ்வாறே ஏற்கவேண்டுவதில்லை. அஞ்சி ஓடியவனும் ஒரு தாயின் பிள்ளைதான். நாம் நோக்கவேண்டியது அவள் மேற்கொண்ட முறையை. புறநானூற்றில் வேறு தாயரும் உளர். 277ஆம் பாட்டின் முதியவள் மகன் யானையைக் கொன்று பட்ட செய்தியைக் கேட்டு மகிழ்ந்தாள். 295ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் தாய்க்கு, மாண்ட மகனின் வீரத்தைக் கண்டு வற்றிய மார்பில் பால் சுரந்தது. இவர்களுக்கெல்லாம் பெருமையே வந்து சேர்ந்தது. நச்செள்ளையாரின் தாய்க்கு வந்து சேர்ந்ததோ பழி. அப்பழியைக் கண்ணால் கண்டு தெளியும்வரை அவள் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தெளிவதற்கு அவள் கொடுத்த விலை, எந்தத் தாயும் காணக்கூடாத காட்சி.

இப்பாட்டிற்குப் பழைய குறிப்பு வகுத்தோர் கொடுத்த துறையின் பெயர் உவகைக் கலுழ்ச்சி என்பது. உவகையால் கண்ணீர் சொரிதல் என்று அதற்குப் பொருள். பாட்டில் உவகை மட்டுமே உள்ளது. கண்ணீரைப் பற்றிய சொல் இல்லை. துறை வகுத்தவரோ கண்ணீரையும் உடன் வைத்தார். மெய் தெரிந்ததனால் மகிழ்ச்சி. தெரிந்த மெய் மகனின் சாவு என்பதனால் கண்ணீர். இவ்விரண்டையும் பிரிக்க இயலாது என்பதை அப்பெரியோர் அறிந்திருந்தனர்.

இறந்தவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கல்லிலே பொறித்து வைக்கும் வழக்கமும் அன்றைய தமிழரிடம் இருந்தது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட ஒருவனின் பெயரைக் கூறுகின்றது. ஊர், நிகழ்ச்சி, பெயர் என்னும் மூன்றே செய்திகள்தாம். எனினும் அவன் தாய்க்கு வேண்டியவை அம்மூன்றுமே.

கோதமையின் வழக்கு

புறநானூற்றுத் தாய்க்கு எவர் கொன்றார் என்பது வினா அன்று, பகைவர் கொன்றனர். மணிமேகலையில் வரும் கோதமைக்கோ அதுவே வினா. சாத்தனார் இயற்றிய அக்காப்பியத்தின் ஆறாவது காதை சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. புகார் நகரை ஒட்டிய பெருஞ்சுடுகாட்டை அது விரித்துரைக்கின்றது. இறந்தாரைச் சுடுவோரும், வறிதே இட்டுச் செல்வோரும், குழி தோண்டிப் புதைப்போரும், தாழியிலிட்டுக் கவிப்போரும் அங்கே உளர். ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகளை அறிந்தவர்க்கு இது வெறுங்கற்பனை அன்று என்பது புலனாகும்.

சார்ங்கலன் என்னும் பார்ப்பன இளைஞன், மதில் சூழ்ந்த அவ்விடத்தை ஓர் ஊர் என்று எண்ணித் தனியே புகுந்துவிடுகின்றான். அங்கே ஒரு பேய் இறந்தவள் ஒருத்தியின் தலையைக் கையிலேந்திக் களித்தாடுவதைக் காண்கின்றான். நடுநடுங்கித் தாயிடம் ஓடிவந்து, சுடுகாட்டுப் பேய்க்கு உயிர் கொடுத்தேன் என்று சொல்லி வீழ்ந்து மடிகின்றான். தாய் கோதமையும் அவள் கணவனும் கண்ணொளி இழந்த முதியவர்கள். அவர்களுக்கு ஊன்றுகோலாக இருந்தவன் அவன் ஒருவனே.

கோதமை மகனின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு சுடுகாட்டின் வாயிலுக்குச் செல்கின்றாள். நகரின் காவல் தெய்வமாகிய சம்பாபதியைக் கூவி அழைக்கின்றாள். ஊரையும் மன்றத்தையும் மரத்தையும் காப்பவள் நீ. என் மகனைக் காக்க ஏன் மறந்தாய்? என்று கேட்கின்றாள். இதனை வேண்டுதல் என்பதை விட வழக்கு என்பதே பொருந்தும். நள்ளிரவில், பார்வையற்ற ஒரு கிழவி, காவற் பொறுப்பு உடையவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கணக்குக் கேட்கின்றாள்.

தெய்வம் தோன்றுகின்றது. பேய் உயிருண்ணாது, உன் மகனின் பேதைமை ஒரு வாயிலாக, ஊழ்வினையே அவன் உயிரைக் கொண்டது என்கின்றது. கோதமை அமைதியுறவில்லை. என் உயிரைக் கொண்டு அவன் உயிரைத் தா. கண்ணிலாத் தந்தையை அவன் காப்பான் என்கின்றாள். அதற்குச் சம்பாபதி கூறும் மறுமொழி நெஞ்சைத் தைப்பது. உயிருக்கு உயிர் ஈடாகுமாயின், மன்னர்க்காக உயிர் கொடுப்போர் உலகில் இல்லையா? இருந்தும் இச்சுடுகாட்டில் அரசர்க்கு எழுப்பிய கோட்டங்கள் ஆயிரம் நிற்கின்றனவே என்று சுட்டுகின்றது. அப்போதும் அவள் விடவில்லை. வரந்தர வல்ல தேவர் உளர் என்று மறைகள் கூறுகின்றனவே. நீ தாராயாயின் நான் உயிர் துறப்பேன் என்கின்றாள்.

அப்போது சாத்தனார் செய்வது தமிழ்க் காப்பிய உலகில் தனிச்சிறப்புடையது. சக்கரவாளம் முழுவதிலும் உள்ள தேவர் அனைவரையும் சம்பாபதி அவ்விடத்திற்கு வரவழைக்கின்றது. பிரமர், இருசுடர், பல்வகைத் தேவர் எனப் பேரண்டமே ஒரு முதியவளின் முன் திரள்கின்றது. ஒருவரையும் விடாது அவள் கேட்க, அனைவரும் ஒரே மறுமொழியைக் கூறுகின்றனர். அதன் பின்னரே அவள் துயர் நீங்கி, மகனை ஈமத்தில் இட்டுத் தானும் இறக்கின்றாள். தேவர் கூடிய அந்நிகழ்ச்சியின் நினைவாக மயன் அமைத்ததே சக்கரவாளக் கோட்டம் என்று காப்பியம் கூறும்.

இக்கதை பௌத்த சமயத்தின் நிலையாமையையும் வினைக் கொள்கையையும் நிறுவ எழுந்தது என்பதில் ஐயமில்லை. புகாரில் பௌத்தம் ஓங்கியிருந்ததற்கு 1960களில் நிகழ்ந்த அகழாய்வில் வெளிப்பட்ட புத்த விகாரம் சான்று. எனினும் கொள்கையை நிறுவுவதற்குப் புலவர் தேர்ந்த வழியை நோக்க வேண்டும். அழாதே அம்மா, எல்லாம் விதி என்று ஒரு சொல்லில் அவளை அனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அவள் ஐயுற்றபோதெல்லாம் மறுமொழி கூறினார். அதுவும் போதாதபோது அண்டத்தையே சாட்சிக்கு அழைத்தார். துயருற்றவள் கேட்கும் கேள்வி பித்தின் பிதற்றல் அன்று, மறுமொழிக்கு உரியது என்னும் அறம் அங்கே நிலைநாட்டப்பட்டது.

சாவத்தியின் கடுகு

கோதமையின் பெயரைக் கேட்டவுடன் வடபுலத்துக் கிசாகோதமி நினைவுக்கு வருவாள். இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு அலைந்தவள் அவள். புத்தர் அவளிடம், எவரும் இறவாத வீட்டிலிருந்து வெண்கடுகு வாங்கி வருமாறு கூறினார். அவள் சாவத்தியின் வீடுதோறும் சென்றாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு நேராத வீடுதான் இல்லை. பின்னர் அவள் துறவு பூண்டாள். அவள் பெயரால் அமைந்த பாடல் தேரிகாதையில் உள்ளது. அந்நூலுக்கு உரை வகுத்த தம்மபாலரைத் தமிழகக் கடற்கரையோடு தொடர்புடையவர் என்று மரபு கூறுகின்றது. சாவத்தியின் இடிபாடுகள் உத்தரப்பிரதேசத்தில் சாகேத்-மாகேத் என்னும் பெயரோடு இன்றும் உள்ளன. வடநாட்டில் வாழும் நம்மவர் ஒருமுறை சென்று காணத்தக்க இடம்.

இரு தாயர்க்கும் கிடைத்த மெய் ஒன்றே. கிடைத்த வழிதான் வேறு. கிசாகோதமி தானே நடந்து, அயலாரின் துயரைக் கேட்டறிந்து மெய்யை உணர்ந்தாள். புகார்க் கோதமைக்கோ மெய்யை உணர்த்த வேண்டிய கடமை காவலுடையார்மேல் விழுந்தது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம்.

எண்ணாகிப்போன மகன்

1967ஆம் ஆண்டு நக்சல்பாரியில் மூண்ட கிளர்ச்சி சில ஆண்டுகளில் கல்கத்தாவின் கல்லூரிகளை எட்டியது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நகரத்தின் இளைஞர் பலர் தெருக்களில் பிணமாயினர். அக்காலத்தைக் களமாகக் கொண்டு மகாசுவேதா தேவி வங்க மொழியில் எழுதிய புதினம் 'ஹஜார் சுராஷிர் மா'. 1974இல் நூலாக வெளிவந்தது. ஆயிரத்து எண்பத்து நான்கின் தாய் என்பது அதன் பொருள். பிணக்கிடங்கில் மகனின் உடலுக்கு இட்ட எண் அது.

சுஜாதா வசதியான குடும்பத்துப் பெண்மணி, வங்கியில் பணிபுரிபவள். இளைய மகன் பிரதி கொல்லப்பட்ட செய்தி தொலைபேசியில் வருகின்றது. உடலை அடையாளம் காட்டச் செல்பவள் அவளே. தந்தையோ மகனின் பெயர் செய்தித்தாளில் வராதிருக்கச் செல்வாக்குடையோரைத் தேடி ஓடுகின்றார். வீட்டில் அவன் பெயரே பேசப்படாததாகின்றது. ஈராண்டு கழிந்து, அவன் பிறந்த நாளன்று, ஒரே பகற்பொழுதில் நிகழ்வதாகக் கதை அமைந்துள்ளது. அன்றே வீட்டில் மகளின் திருமண நிச்சய விருந்து.

சுஜாதா அன்று இருவரைத் தேடிச் செல்கின்றாள். பிரதியோடு கொல்லப்பட்ட சோமுவின் தாய் ஒருத்தி. வறுமையின் பிடியில் வாழ்பவள். பிரதியின் உள்ளங்கவர்ந்த நந்தினி மற்றொருத்தி. காவலில் வதைபட்டு மீண்டவள். தான் பெற்ற மகனை அயலார் வாய்ச்சொல்லால்தான் அவள் அறிந்துகொள்கின்றாள். யார் கொன்றனர், எப்படிக் காட்டிக்கொடுத்தனர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவருகின்றது. ஆயின் அவளை உலுக்கும் வினா அதுவன்று: இத்தனை ஆண்டு என் வீட்டில் உண்டு உறங்கிய இவன் யார்? அவன் ஏன் என்னிடம் சொல்லவில்லை? தேடுபவளும் அவளே, தேடித் தன்மீதே குற்றம் காண்பவளும் அவளே. இப்புதினம் மனத்தினுள் நிகழும் துப்பறிதலாக நம்மைப் பிணிப்பது இதனால்தான்.

கோதமைக்காகத் தேவர் திரண்டனர். சுஜாதாவுக்காக எவரும் திரளவில்லை. பிழைத்திருப்போர் இருவர் கூறியதே அவளுக்குச் சாட்சி. 1996ஆம் ஆண்டிற்குரிய ஞானபீட விருது பெற்ற மகாசுவேதா தேவி 2016இல் மறைந்தார். அவர் புதினத்தை 1998இல் கோவிந்த் நிகலானி இந்தித் திரைப்படமாக்கினார். ஜெயா பச்சன் சுஜாதாவாக நடித்தார்.

கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் நம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு எண் என்பது பழகிப்போன ஒன்று. எண் இன்றிக் கோப்பு நகராது. ஆனால் அவ்வெண்ணின் பின்னே ஒரு பெயரும், அப்பெயரை முதன்முதல் வைத்து அழைத்த ஒருத்தியும் இருக்கின்றனர் என்பதை இப்புதினம் நமக்கு நினைவூட்டுகின்றது.

ஒரு கடிதம்

கற்பனையை விடுத்து வரலாற்றிற்கு வருவோம். 1987ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், ஒரிசாவில் 22 வயது இளைஞர் ஒருவரைக் காவல்துறையினர் விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். மறுநாள் அவர் உடல் காயங்களோடு இருப்புப்பாதையருகே கிடந்தது. காவலிலிருந்து தப்பி ஓடித் தொடர்வண்டியில் அடிபட்டார் என்பது காவல்துறையினரின் கூற்று. ஓடினான், மாண்டான் என்று பலரும் கூறிய அதே பழைய சொல்!

அத்தாய் 1988ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்படி நீதிப்பேராணை மனுவாக ஏற்றது. மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரித்து அறிக்கை தருமாறு பணித்தது. காவலில் ஏற்பட்ட காயங்களாலேயே மரணம் நேர்ந்தது என்று அவர் முடிவு கண்டார். 1993ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நீதியரசர் ஜே.எஸ். வர்மா உள்ளிட்டோர் வழங்கிய தீர்ப்பு, அரசைப் பொறுப்பாக்கித் தாய்க்கு ரூ. 1,50,000 இழப்பீடு அளிக்க ஆணையிட்டது. அடிப்படை உரிமை மீறப்பட்டவிடத்து அரசே நேரடியாக ஈடுசெய்யக் கடமைப்பட்டது என்னும் கோட்பாடு அத்தீர்ப்பால் வலுப்பெற்றது. 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், கைது செய்யப்படுவோரைப் பற்றிக் குறிப்பு எழுதவேண்டும், உற்றார்க்கு அறிவிக்கவேண்டும் என்று விதிமுறைகளை வகுத்தது.

பணத்தினும் பெரிது ஒன்று அத்தாய்க்குக் கிடைத்தது. மகன் ஓடியவன் அல்லன் என்பதை நாட்டின் உயர்ந்த மன்றம் எழுத்தில் வைத்தது. நச்செள்ளையாரின் முதியவள் வாளெடுத்துத் தேடியதையும், கோதமை கூவி அழைத்துக் கேட்டதையும் இவர் ஒரு கடிதத்தால் பெற்றார். சம்பாபதியின் இடத்தில் அரசியலமைப்பு நின்றது.

நம் கடன்

இவையெல்லாம் பெருஞ்செய்திகள், ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. நம்மில் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு தாய் இருக்கின்றாள், அல்லது இருந்தாள். நாம் எங்கு உறைகின்றோம், யாரோடு உண்கின்றோம் என்பதை அவள் முழுதும் அறியாள்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வாழும் இவ்வடபுல நகரில் தனியே தங்கிப் பணியாற்றிய தமிழிளைஞர் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அவர் தாயார் வந்தார். நண்பர்கள் திரட்டிய பணத்தை அவரிடம் கொடுத்தோம். சான்றிதழ்களையும் பெற்றுத் தந்தோம். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. "பக்கத்துல யாரு இருந்தாங்க? தண்ணி கேட்டானா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நம்மில் எவருக்கும் விடை தெரியவில்லை. விசாரித்ததில், அடுத்த அறையில் வாழ்ந்த பீகார்த் தொழிலாளி ஒருவர் இரவு முழுதும் உடனிருந்தது தெரிந்தது. அவர் இந்தியில் சொல்லச்சொல்ல நாம் தமிழில் கூறினோம். தண்ணீர் கேட்டதையும், கொடுத்ததையும், விடியலுக்கு முன் 'அம்மா' என்று இருமுறை அழைத்ததையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். இறுதிச் செய்தியை மொழிபெயர்க்க நாம் தயங்கினோம். அச்சொல் தமிழே ஆதலால், தாயாருக்கு முன்னரே விளங்கிவிட்டது. மூன்று முறை முழுதும் கூறச் செய்து கேட்டார். பின்னர் அத்தொழிலாளியை நோக்கிக் கைகூப்பினார்.

நல்லெண்ணத்தால் மெய்யை மறைப்போர் நம்மிடையே பலர். வலியின்றிப் போனான், தூக்கத்திலேயே போனான் என்று சொல்லி அனுப்புவது அருள் என்று கருதுகின்றோம். சில தாயர்க்கு அது ஆறுதலாகவும் இருக்கலாம். ஆனால் கேட்பவளுக்குச் சொல்லாமல் மறைக்கும் உரிமை நமக்கு இல்லை. அவள் எவ்வளவு கேட்கின்றாளோ அவ்வளவும், அவள் தாங்கும் முறையில், அருகமர்ந்து சொல்வதே முறை. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் நமக்கு உணர்த்துவது இதுவே.

நம் சங்கங்கள் முத்தமிழ் விழாக்களை நடத்துகின்றன, நூலகங்களைப் போற்றுகின்றன. இவற்றோடு மற்றொன்றையும் மேற்கொள்ளலாம். தனித்து வாழும் நம்மவர் பெயர், முகவரி, ஊரிலுள்ள உற்றாரின் தொடர்பு ஆகியவற்றை ஓர் ஏட்டில் குறித்து வைத்தல் எளிது. துன்பம் நேர்ந்தவிடத்து உடலை ஊர் சேர்ப்பதோடு நில்லாமல், நடந்ததை நடந்தவாறு அறிந்து சொல்லவும் ஒருவரை அமர்த்துதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிறிது பொறுமையும், இரு மொழியும், மெய் பேசும் நாவும் போதும். தொலைவிலிருந்து ஒரு தாய் வந்து வினவும்போது, தெரியாது என்று கூறாத சங்கமாக நம் சங்கம் விளங்குக.